அடிபிடித்த உலையும் எங்கள் பாவாவும்

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. செல்போனுக்கு ரீசார்ஜும் செய்வேன். கடைப் பலகையில் என் பெயருக்குக் கீழே ‘பி.எஸ்சி., இயற்பியல்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க இயற்பியல் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூன்றாம் வகுப்பில், அதுவும் இரண்டாம் முயற்சியில், தேறிய கதையையும் சொல்லவேண்டி வந்திருக்கும். ஜப்பானில் பூமி அதிர்ந்து, கடல் ஊருக்குள் புகுந்து, கரையோரம் இருந்த அணு உலை கெட்டுப்போன சமயத்தில்தான் அந்தப் படிப்புக்கு முதன்முதலாக வேலை வந்தது.

அப்போது எங்கள் பாவா ஜப்பானில் இருந்தார். பாவா என்றால் அக்காவின் கணவர். ஆந்திர எல்லையோரம் என்பதால், எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசினாலும் கூப்பிடுவது இப்படித் தெலுங்கில்தான். அவர் தோசை மாஸ்டர். அரக்கோணத்தில் ஓட்டல் கல்லுக்கு முன்னால் நின்றவரை யாரோ ஒரு ஏஜென்ட் பிடித்து, அங்கே வடக்கே ஒரு நகரத்தில் இருந்த இந்திய உணவகத்துக்கு அனுப்பி வைத்தார். சில வருஷம் உழைத்துவிட்டு வந்து, நம் பஸ் ஸ்டாண்டிலேயே சொந்தமாக ஒரு தோசை வண்டி போட வேண்டும். அவருக்கும் அக்காவுக்கும் இருந்த ஆசை அவ்வளவுதான். அதுவரைக்கும் அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள்.

பூமி அதிர்ந்த அன்று பாவாவின் போன் கிடைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். உணவகத்தில் பாத்திரமெல்லாம் சரிந்து விழுந்ததாம், ஆளுக்கு ஒன்றும் இல்லையாம். அக்கா போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் டிவியில் அணு உலை வெடித்துப் புகை கிளம்பியது.

“அந்த உலை இவரு கீற எடத்துக்குக் கிட்டவாடா?” என்று கேட்டாள்.

“ரொம்ப தூரம்க்கா” என்றேன். எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நகரத்தின் பெயரையே நான் அந்த வாரத்தில் நான்கு விதமாக உச்சரித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு உலை என்றால் சோற்றுக்கு வைக்கிற உலைதான். அதனால் டிவிக்காரர் சொன்னதெல்லாம் அவளுக்கு என்னைவிடச் சுலபமாகப் புரிந்தது. “உலையில் தண்ணீர் மட்டம் குறைந்துவிட்டது” என்று செய்தி வாசித்தார்கள். “தண்ணி சுண்டிப்போச்சுன்னா அடிபிடிக்காம இன்னா பண்ணும்? ஊத்தச் சொல்லு” என்றாள். நான் சிரித்துவிட்டு, அணு உலை என்பது அப்படியல்ல, அது சிக்கலான இயந்திரம் என்று ஆரம்பித்து நியூட்ரான் வரைக்கும் போனேன். அங்கேயே நின்றும் போனேன், அதற்குமேல் பாடத்தில் நான் படிக்கவில்லை. மறுபடி டிவியைப் பார்த்தால் ஹெலிகாப்டரில் பெரிய வாளி கட்டி, கடல் தண்ணீரை மொண்டு வந்து உலைமேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து கடையில் நான் நடத்திய வகுப்பு முழுக்க அக்காவின் பாடம்தான். “உலை வைக்கிறோம் இல்லையா, தண்ணி சுண்டிப்போனா இன்னா ஆகும்?” என்று கேட்பேன். “அடிபிடிக்கும்” என்பார்கள். “ஆங், அதான்!” என்று பேனாவால் மேசையைத் தட்டுவேன். ஊரில் என் மதிப்பு ஏறியது. தாலுகா ஆபீசிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூட இரண்டு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். கதிர்வீச்சு என்ற சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன். அம்மையார்குப்பத்திலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர் வெகுநேரம் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “கதிரு சுத்தும், சரி. அது எதுக்குங்க வீசுது?” என்றார். அவருக்குக் கதிர் என்றால் நூல் சுற்றுகிற ராட்டைக் கதிர். நான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். விளக்கி முடித்தபோது ராட்டைக் கதிர் எதற்குச் சுற்றுகிறது என்பதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்க ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. ஜப்பான் காற்று நம் பக்கம் திரும்பிவிட்டது, மழை பெய்தால் நனையாதீர்கள், தொண்டைக்குழியில் புண்ணுக்குப் போடுகிற அயோடின் டிஞ்சர் தடவிக்கொள்ளுங்கள், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அதில் இருந்தது. எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். அனுப்பி அனுப்பிக் காசு தீர்ந்துபோய் என் கடையில்தான் ரீசார்ஜ் செய்தார்கள். இதெல்லாம் புரளி, நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் ரீசார்ஜ் செய்து கொடுத்தேன். மெடிக்கல் கடைகளில் டிஞ்சர் தீர்ந்துவிட்டது. மலையிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனம் பூசி இறங்குகிற கூட்டத்தில், தொண்டையில் காவி நிறத்தில் டிஞ்சர் பூசியவர்களும் கலந்து போனார்கள். “படிச்சவன் ஒருத்தன் சொல்றேன், கேக்கறீங்களா?” என்று கடை வாசலில் நின்று கேலி செய்தேன்.

பங்குனி வெயிலில் அபூர்வமாக ஒரு நாள் தூறல் விழுந்தது. நான்கு சொட்டுதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டே கூரைக்கு அடியில் ஓடியது. நான் மட்டும் நடு ரோட்டில் நின்று கைகளை விரித்துக் காட்டினேன். பார்த்தவர்கள் தைரியசாலி என்றார்கள். அதன்பிறகு வீட்டுக்குப் போய்த் தலை துவட்டி, சோப்பு போட்டு இரண்டு முறை குளித்து, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த டிஞ்சரை எடுத்துக் கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டேன். தொண்டைக்குழியில் மட்டும் தடவினால் போதும் என்றுதான் போட்டிருந்தது. எனக்கு அறிவியல் தெரியும் என்பதால் பின்கழுத்திலும் தடவினேன். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

“இன்னாடா கழுத்துல?” என்றாள் அக்கா.

“கொசு கடிச்சிதுக்கா.”

“சட்டைக் காலருக்கு அளவெடுத்த மாதிரி வட்டமாவா கடிச்சிது?”

அவள் சிரித்தாள். பூமி அதிர்ந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. “இங்க கீற நீயே இப்டி பயந்தா, அவரு அங்க நின்னுகினு கீறாருடா” என்றாள்.

உணவகத்துக்குச் சாமான் வருவது நின்றுவிட்டதால் முதலாளி எல்லோரையும் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார். பாவாவுக்கு டிக்கெட் கிடைத்தது. விமான நிலையத்துக்கு நானும் அக்காவும் போனோம். கட்டிப்பிடித்து வரவேற்க வேண்டும் என்று காரில் போகும்போதே முடிவு செய்திருந்தேன். பாவா கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். கைகளை விரித்துக்கொண்டு போன நான், கிட்டே போனதும் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன். பை கனமாக இருக்கிறதே என்ற அக்கறைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

அவர் வந்து சேர்ந்ததும் தெருவே திரண்டு வந்தது. வாசற்படி வரைக்கும்தான் வந்தது. எல்லோரும் நலம் விசாரித்தார்கள். படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே விசாரித்தார்கள். டீக்கடையில் பாவாவுக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ வந்தது. பக்கத்து வீட்டு அம்மா, துணியைக் கொஞ்சம் தள்ளிக் காயப்போடும்படி அக்காவிடம் ரொம்பப் பதமாகச் சொல்லிவிட்டுப் போனார். இத்தனைக்கும் கதிர்வீச்சு தொற்றுநோய் இல்லை என்று இதே ஜனங்களுக்கு நான் வகுப்பெடுத்திருந்தேன். என் வகுப்பிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அடிபிடித்த உலை ஒன்றைத்தான். அந்த உலைக்குப் பக்கத்திலிருந்து வந்தவர் கையில் அந்த வாடை இருக்கும் என்று பயந்தார்கள்.

பாவா முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “எல்லாருக்கும் என் கையால ஒரு நாளு தோசை போட்டுக் குடுத்தா சரியாப்பூடும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவையே கூப்பிட்டார். அக்கா மூன்று வகை சட்னி அரைத்தாள். நான் வீடு வீடாகப் போய் நினைவுபடுத்திவிட்டு வந்தேன். ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், “இன்னைக்கு கிருத்திகை விரதங்க” என்றார். அடுத்த வீட்டிலும் கிருத்திகை விரதம். கடைசி வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் கிருத்திகை விரதம். இந்த ஊரில் கிருத்திகை என்றைக்கு என்று பஸ் கண்டக்டருக்குத் தெரியும், தேங்காய்க் கடைக்காரருக்குத் தெரியும், மலைக்குப் போகிற ரோடு நெரிவதைப் பார்த்தால் வெளியூர்க்காரனுக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு மலை ரோடு காலியாகக் கிடந்தது. விரதக்காரர்கள் சோற்றை விட்டுவிட்டுத் தோசைதான் தின்பார்கள் என்பதையாவது யோசித்திருக்கலாம். பொய் சொல்கிற அவசரத்தில் அதையும் மறந்துவிட்டார்கள்.

அன்று பாவா சிரிக்கவில்லை. மாவுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். ஊர் அவர் கையால் வாங்கித் தின்னாவிட்டால் தோசை வண்டி ஏது, அவர்கள் பிழைப்பு ஏது? அக்கா சமையலறையில் அந்தச் சட்னியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாவா உயிரோடு வந்தால் மலையில் அவருக்கு மொட்டை போடுவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே போனோம். முடி இறக்குகிற கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாவாவுக்கு அடுத்து எங்கள் தெரு ஆள் ஒருவர். பாவாவுக்கு மழித்து முடித்ததும் அந்த ஆள் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார். அவர் போனதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலேயே அடுத்தவரும் எழுந்தார். முடி இறக்குகிறவர் புது பிளேடை மாட்டிக்கொண்டு, “அடுத்தது யாருங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவா தலையில் தண்ணீர் சொட்ட, தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. இருந்த முடியும் கொஞ்சம்தான்; அதைத்தான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்தில் எல்லாம் மடியில் விழுந்தது. ஊருக்கே பெரிய பாடம் நடத்திவிட்டதாக நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கினேன்.

தினமும் மொட்டைத் தலைகளைப் பார்க்கிற ஊர் இது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் இரண்டு பேரை மட்டும் பார்த்தார்கள். மறுநாள் டீக்கடையில் எனக்கும் காகிதக் கப்பில் டீ வந்தது. பாவாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதனால்தான் முடி கொட்டிவிட்டது என்று பேச்சாம். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். என் வகுப்பில் இத்தனை பேர் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதே இல்லை.

இதற்குமேல் காத்திருக்க முடியாது என்று ஒரு நாள் காலை பாவா, ஜப்பானில் சேர்த்த பணத்தில் வாங்கிய தோசை வண்டியைப் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா சட்னி வாளிகளோடு பின்னால் நின்றாள். நான் ஆலோசனை சொன்னேன். “பாவா, எங்க வேலை பாத்தீங்கன்னு யாரு கேட்டாலும் ஜப்பான்னு சொல்லாதீங்க. சிங்கப்பூர்னு சொல்லுங்க.” அவர் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். யாரும் வராததால் விளம்பரத்துக்காக நானே வண்டிக்கு முன்னால் நின்று தின்ன ஆரம்பித்தேன். “ஆகா” என்று சத்தமாகச் சொன்னேன். எதிர்ச்சாரியில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். நான் எப்போது சுருண்டு விழுவேன் என்று பார்த்திருப்பார்கள். எத்தனை தின்றேன் என்று கணக்கில்லை, உண்மையிலேயே விழுகிற நிலைமையில்தான் இருந்தேன்.

“போதும் மச்சா” என்றார் பாவா. “வவுத்துக்கு துன்னு. எனக்கோசரம் துன்னாத.”

அடுப்பைத் தணித்துவிட்டுக் காய்ந்த கல்லைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், “நான் வந்திருக்கக் கூடாதுடா. அங்கியே இருந்திருக்கணும்” என்றார். அக்கா காதில் விழுந்துவிட்டது. அவள் வாளி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வாயில் இருந்த தோசையை எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போதுதான் திருப்பதி பஸ் வந்து நின்றது. அங்கே தரிசனம் முடித்து, இங்கேயும் மலையேற வந்த தெலுங்குக் குடும்பம் ஒன்று இறங்கியது. நல்ல பசி போலிருக்கிறது, நேராக எங்கள் வண்டிக்கு வந்தார்கள். பாவா அடுப்பைத் தூண்டினார். ஒன்று, இரண்டு என்று தட்டுகள் நீண்டன. அவர்களில் பெரியவர் ஒருவர், மொட்டைத் தலை, தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

“இந்தகு முந்து எக்கட பனி சேசாவு நைனா?” என்று கேட்டார். இதற்கு முன் எங்கே வேலை செய்தாய் அப்பா என்று.

“சிங்கப்பூர்!” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“ஜப்பான்லோ” என்றார் பாவா.

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாவாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கட பூகம்பம் ஒச்சிந்தி கதா?” என்றார் பெரியவர். அங்கே பூகம்பம் வந்ததே என்று.

“ஔனு” என்று பாவா தலையை ஆட்டினார்.

பெரியவர் பாவாவை மேலும் கீழும் பார்த்தார். தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மாவு படிந்திருந்த பாவாவின் கையை எட்டிப் பிடித்தார். “பிராணாலதோ ஒச்சாவு” என்றார். பிறகு தட்டை நீட்டினார். “இன்கொகட்டி வெய்யி நைனா.”

உயிரோடு வந்துவிட்டாய். இன்னும் ஒன்று போடு. பாவா ஊருக்கு வந்து இத்தனை நாளில் எங்கள் தெருவில் ஒருவரும் அந்த வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விமான நிலையத்தில் அவரைப் பார்த்தபோது நானும் சொல்லவில்லை.

பாவா கரண்டியை எடுத்து மாவை மொண்டார். ஊற்றாமல் கல்லுக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார், பிறகு ஊற்றினார். அக்கா வாய்விட்டே அழுதாள். நான் சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாவாவை ஒட்டி நின்றேன்.